எத்தனை பேர் வரலாம்? பொது நிலங்களில் கூட்டமும் தரவுப் பகுப்பாய்வும்

ஒரு காட்டுக்கோ மலைக்கோ கடற்கரைக்கோ ஒரு நாளில் எத்தனை பேர் வரலாம் என்ற கேள்விக்கு ஏறத்தாழ 90 ஆண்டுகளாக விடை தேடப்படுகிறது. 1936ல் கலிஃபோர்னியாவின் சியரா நெவாடா மலைகளை ஆராய்ந்த அமெரிக்கத் தேசியப் பூங்காத் துறையின் உயிரியலாளர் லோவெல் சம்னர், காட்டின் இயல்பு கெடாமல் எவ்வளவு கூட்டத்தை உள்ளே விடலாம் என்று கேட்டார். அன்று அவருக்குக் கைகொடுத்தவை கண்ணும் குறிப்பேடும். இன்று அதே கேள்வியைக் கேட்பவர்களிடம் சாலைக்கு அடியில் புதைத்த கம்பிச்சுருள், மரத்தில் கட்டிய அகச்சிவப்புக் கருவி, கைப்பேசி இருப்பிடத் தரவு, முன்பதிவுத் தளங்களின் பதிவேடு, சமூக ஊடகப் படங்கள் எல்லாம் இருக்கின்றன. இவற்றால் விடை நெருங்கியிருக்கிறதா என்பதில்தான் கருத்து வேறுபாடு.

பொது நிலம் என்பது இங்கு அரசின் உடைமையாகவோ பொறுப்பிலோ இருந்து, மக்கள் சென்றுவர உரிமையோ அனுமதியோ உள்ள நிலத்தைக் குறிக்கும். அமெரிக்காவில் கூட்டாட்சி அரசிடம் மட்டும் நாட்டின் நிலப்பரப்பில் நான்கில் ஒரு பங்குக்கு மேல் இருக்கிறது. இத்துறை ஆய்வுகளில் பெரும்பகுதி அங்கிருந்து வருவதற்கு அது ஒரு காரணம். அந்த ஆய்வு மரபு முழுவதிலும் இரண்டு கேள்விகள் பின்னிக் கிடக்கின்றன. எத்தனை பேர் வருகிறார்கள், வந்தால் நிலத்துக்கு என்ன ஆகிறது என்பது ஒன்று. எத்தனை பேருக்கு மேல் கூடாது என்பது மற்றொன்று. முதலாவதை அளக்கலாம், இரண்டாவதை யாரேனும் தீர்மானிக்கத்தான் வேண்டும். தரவுப் பகுப்பாய்வு முதலாவதை வெகுவாகத் துலக்கியிருக்கிறது. அந்தத் துலக்கம் இரண்டாவதற்கும் விடை கிடைத்துவிட்டது போன்ற மயக்கத்தைத் தருகிறது என்பதே இத்துறையில் மீண்டும் மீண்டும் எழும் விமர்சனம்.

மேய்ச்சல் நிலத்திலிருந்து வந்த கருத்து

முதல் விடை 'தாங்குதிறன்' என்ற பெயரில் வந்தது. ஒரு புல்வெளியில் புல் அழியாமல் எத்தனை மாடுகள் மேயலாம் என்று கணக்கிடும் மேய்ச்சல் நில மேலாண்மையிலிருந்து எடுக்கப்பட்ட கருத்து அது. மாடுகளின் இடத்தில் மனிதர்களை வைத்தால் கணக்கு ஒத்துவராது என்பதை முதலில் தெளிவாகச் சொன்னவர் அமெரிக்க வனவியலாளர் ஆலன் வாகர். 1964ல் வெளியான அவரது ஆய்வேடு தாவரச் சேதத்தை அளப்பதில் தொடங்கி, வருபவர்கள் எதைத் தேடி வருகிறார்கள் என்பதைக் கேட்காமல் எந்த எண்ணையும் சொல்ல முடியாது என்ற இடத்தில் வந்து நின்றது. தனிமையைத் தேடி வருபவருக்கு ஐந்து பேரே கூட்டம். திருவிழாவுக்கு வருபவருக்கு ஐயாயிரமும் குறைவுதான்.

இந்த எச்சரிக்கைக்குப் பிறகும் சட்டங்கள் எண்ணையே கேட்டன. 1978ல் அமெரிக்க நாடாளுமன்றம் இயற்றிய சட்டம், ஒவ்வொரு தேசியப் பூங்காவின் மேலாண்மைத் திட்டமும் வருகையாளர் தாங்குதிறனைக் குறிப்பிட வேண்டும் என்றது. கோஸ்டா ரிக்காவில் பணியாற்றிய மிகுவேல் சிஃபுவென்டஸ் 1992ல் ஒரு சூத்திரத்தைத் தந்தார். கிடைக்கும் இடத்தை ஓர் ஆளுக்குத் தேவையான இடத்தால் வகுத்து, மழை, மண் அரிப்பு, சரிவு, விலங்குகளின் இனப்பெருக்கக் காலம் ஆகியவற்றுக்காகக் கழித்து, மிஞ்சியதை நிர்வாகத்திடம் உள்ள ஆள்பலத்துக்கு ஏற்ப மேலும் குறைப்பது அதன் முறை. லத்தீன் அமெரிக்காவில் பரவிய இந்தக் கணக்கின் சாயலை இந்தியாவிலும் காணலாம். 2012ல் புலிகள் காப்பகங்களின் மையப் பகுதியில் சுற்றுலாவை உச்ச நீதிமன்றம் சில மாதங்கள் தடுத்து வைத்திருந்தது. அந்த வழக்கை ஒட்டித் தேசியப் புலிகள் பாதுகாப்பு ஆணையம் வெளியிட்ட வழிகாட்டு நெறிகள், மையப் பகுதியில் 20 சதவீதத்துக்கு மேல் சுற்றுலாவுக்கு விடக்கூடாது என்றன. ஒரு நாளைக்கு எத்தனை வாகனங்கள் என்பதை இதே வகைச் சூத்திரத்தால் கணக்கிடவும் சொல்லின.

சூத்திரத்தின் கவர்ச்சி அதன் எளிமை. வாதாட நேரமில்லாத அதிகாரிக்கும் நீதிமன்றத்துக்கும் அது ஓர் எண்ணைக் கையில் தருகிறது. பலவீனமும் அங்கேயே இருக்கிறது. முன்னால் போகும் வாகனத்தின் புழுதி பின்னால் வருபவர் மீது படாமலிருக்க இரண்டுக்கும் இடையே 500 மீட்டர் வேண்டும் என்று வைத்துக்கொண்டால் ஒரு விடை வரும். 250 மீட்டர் போதும் என்றால் விடை இரட்டிப்பாகும். புழுதிக்கும் புலிக்கும் உள்ள தொடர்பைச் சூத்திரம் சொல்வதில்லை. விடை பின்னம் வரை துல்லியமாக வந்தாலும் அது தொடங்கிய அனுமானத்துக்கு மேல் உறுதியானதாக ஆகிவிடாது.

இன்னொரு அடியும் விழுந்தது. ஆய்வாளர் டேவிட் கோல் உள்ளிட்டோர் மிதிபடும் தாவரங்களைப் பல்லாண்டுகள் ஆராய்ந்ததில், சேதம் ஆள் எண்ணிக்கைக்கு நேர் விகிதத்தில் கூடுவதில்லை என்று தெரிந்தது. இதுவரை யாரும் நடக்காத புல்வெளியில் முதலில் நடக்கும் சிலரே பெரும் சேதத்தைச் செய்கிறார்கள். தடம் விழுந்தபின் வரும் நூறு பேர் கூடுதலாகச் செய்வது சொற்பம். அப்படியானால் ஏற்கனவே மிதிபட்ட பாதையில் 1,000 பேரை 800 ஆகக் குறைத்தாலும் புல் திரும்ப முளைக்கப் போவதில்லை. கூட்டத்தை ஒரே பாதையில் குவிப்பதா, பரப்பிவிடுவதா என்பது எண்ணிக்கையைவிட முக்கியமாகிறது. பலரும் விரும்பும் 'கூட்டத்தைப் பரப்புதல்' என்ற யோசனை சில இடங்களில் சேதத்தையும் சேர்த்துப் பரப்பக்கூடும்.

எண்ணிலிருந்து நிலைமைக்கு

1980களில் கேள்வியே மாற்றிக் கேட்கப்பட்டது. எத்தனை பேர் வரலாம் என்பதை விட்டு, எந்த நிலைமை ஏற்கத்தக்கது என்று கேட்டார்கள். ஜார்ஜ் ஸ்டான்கி, டேவிட் கோல் முதலானோர் 1985ல் அமெரிக்க வனத்துறைக்காக வகுத்த 'ஏற்கத்தக்க மாற்றத்தின் வரம்புகள்' என்ற முறை, மொன்டானா மாநிலத்தின் பாப் மார்ஷல் காட்டுப் பகுதியில் முதலில் நடைமுறைக்கு வந்தது. முதலில் அடையாளக் குறிகளைத் தேர்ந்தெடுக்க வேண்டும்: கூடாரமிடும் இடத்தில் வெறும் மண்ணாகிவிட்ட பரப்பு, ஒரு நாள் நடையில் எதிர்ப்படும் குழுக்கள் போன்றவை. பிறகு ஒவ்வொன்றுக்கும் வரம்பு. வரம்பு மீறப்பட்டால் நடவடிக்கை. ஆள் எண்ணிக்கையைக் குறைப்பது அந்த நடவடிக்கைகளில் ஒன்று மட்டுமே.

இம்முறையை ஒட்டிய அணுகுமுறையின் மிகத் துலக்கமான பயன்பாடு 1990களில் யூட்டா மாநிலத்தின் ஆர்ச்சஸ் தேசியப் பூங்காவில் நடந்தது. அங்குள்ள டெலிகேட் ஆர்ச் என்ற தனித்த மணற்கல் வளைவைக் காணத்தான் பெரும்பாலோர் மலையேறுகிறார்கள். ராபர்ட் மேனிங்கின் ஆய்வுக்குழு, வளைவின் கீழ் ஒருவரும் இல்லாத படத்திலிருந்து 108 பேர் நிற்கும் படம் வரை கணினியில் தயாரித்து வருகையாளர்களிடம் காட்டியது. எது ஏற்கத்தக்கது என்று கேட்டபோது, சராசரி மதிப்பீடு சுமார் 28 பேரில் ஏற்பிலிருந்து மறுப்புக்குத் திரும்பியது. பூங்கா 30 என்று வரம்பு வைத்தது; பத்தில் ஒரு பங்கு நேரத்துக்கு மேல் அது மீறப்படக்கூடாது என்றது. பிறகு மலையடிவாரத்து வாகன நிறுத்துமிடத்தில் எத்தனை வண்டிகள் நின்றால் மேலே 30 பேர் இருப்பார்கள் என்பது கணினி மாதிரியால் பின்னோக்கிக் கணக்கிடப்பட்டது. ஒரு புகைப்படத்தைப் பற்றிய மக்கள் கருத்து, தார் போட்ட இடத்தின் பரப்பாக மாறியது. தரவுப் பகுப்பாய்வு தீர்மானத்துக்குப் பணி செய்த அபூர்வமான எடுத்துக்காட்டுகளில் இது ஒன்று. தீர்மானம் யாருடையது என்பது மறைக்கப்படவில்லை.

ஆனாலும் இதிலும் ஓட்டை உண்டு. கருத்து கேட்கப்படுபவர்கள் அங்கே வந்திருப்பவர்கள் மட்டுமே. கூட்டம் பிடிக்காதவர்கள் முன்பே வருவதை நிறுத்தியிருப்பார்கள். பத்தாண்டு கழித்து அதே கேள்வியைக் கேட்டால், கூட்டத்துக்குப் பழகியவர்களின் விடை வரும். வரம்பு தானே உயரும். சமூகவியலாளர்கள் நெடுங்காலமாகச் சுட்டிவரும் இந்தச் சிக்கலுக்கு முழுமையான மாற்று வழி கிடைக்கவில்லை.

சட்டமும் முழுக்க விட்டுக்கொடுக்கவில்லை. கலிஃபோர்னியாவின் யோசெமிட்டி தேசியப் பூங்காவில் ஓடும் மெர்சட் ஆறு பற்றிய வழக்கில் 2008ல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒன்று, நிலைமையைக் கண்காணித்துக்கொண்டே இருப்போம் என்பது போதாது, உண்மையான வரம்பு வேண்டும் என்றது. 2016ல் ஆறு கூட்டாட்சித் துறைகள் சேர்ந்து வெளியிட்ட பொதுச் சட்டகம் இரு போக்குகளையும் இணைக்க முயல்கிறது: அடையாளக் குறிகளும் உண்டு, எண்ணும் உண்டு.

எண்ணும் வேலை

மேற்கண்ட எந்த முறைக்கும் அடிப்படை, எத்தனை பேர் வந்தார்கள் என்ற தகவல். அது தோன்றுவதுபோல் எளிதல்ல. 2024ல் அமெரிக்கத் தேசியப் பூங்காக்களுக்கு 33 கோடிக்கு மேற்பட்ட வருகைகள் பதிவாயின. இவை வருகைகளே தவிர ஆட்கள் அல்ல. ஒருவர் மூன்று நாள் வந்தால் மூன்று முறை எண்ணப்படலாம். பல நுழைவாயில்களில் எண்ணப்படுவது மனிதர்களும் அல்ல. சாலையில் பதித்த கம்பிச்சுருள் வாகனங்களை எண்ணுகிறது. அந்த எண்ணை ஒரு வண்டிக்கு இத்தனை பேர் என்ற பெருக்கு எண்ணால் பெருக்குகிறார்கள். அந்தப் பெருக்கு எண் எப்போதோ எடுத்த மாதிரிக் கணக்காக இருந்தால், பிழை ஆண்டுதோறும் அமைதியாகத் தொடரும்.

நடைபாதைகளில் இடுப்பு உயரத்தில் மரத்திலோ கம்பத்திலோ அகச்சிவப்புக் கருவி பொருத்தப்படுகிறது. உடல் வெப்பத்தையோ ஒளிக்கற்றை மறைவதையோ உணர்ந்து அது ஓர் எண்ணைக் கூட்டும். இருவர் தோளோடு தோள் நடந்தால் ஒருவர் என்று கொள்ளும். வெயிலில் சூடேறிய கிளை காற்றில் ஆடினால் ஆள் போவதாக நினைக்கும். ஒரு குடும்பம் கருவிக்கு எதிரே நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தால் என்ன எண்ணும் என்று சொல்ல முடியாது. அதனால் சில மணி நேரம் ஓர் ஆள் உட்கார்ந்து கையால் எண்ணி, இரண்டையும் ஒப்பிட்டுத் திருத்தக் காரணி கண்டுபிடிக்க வேண்டும். பணியாள் பற்றாக்குறையில் முதலில் கைவிடப்படுவது இந்த ஒப்பீடுதான். கருவி வாங்கப் பணம் ஒதுக்குவது எளிது. கருவியைச் சரிபார்க்கும் ஆளுக்குச் சம்பளம் ஒதுக்குவது கடினம்.

வாயில் என்று ஒன்றே இல்லாத காடுகளுக்கு அமெரிக்க வனத்துறை 2000ல் வேறு வழியை முறைப்படுத்தியது. ஒவ்வொரு தேசியக் காடும் ஐந்தாண்டுக்கு ஒருமுறை கணக்கெடுக்கப்படும். தேர்ந்தெடுத்த நாள்களில் வெளியேறும் வண்டிகளை நிறுத்தி, பொழுதுபோக்குக்காக வந்தீர்களா, இன்று திரும்ப உள்ளே போவீர்களா என்று கேட்டு, அந்த மாதிரியிலிருந்து முழுக் காட்டுக்கும் மதிப்பிடுவார்கள். ஒரு காட்டின் ஆண்டு மொத்தத்துக்கு இது நம்பகமானது. குறிப்பிட்ட அருவிக்கு வரும் சனிக்கிழமை எத்தனை பேர் வருவார்கள் என்று கேட்டால் கையை விரிக்கும்.

படமும் கைப்பேசியும்

இந்த இடைவெளியை நிரப்பத்தான் புதிய தரவுகள் வந்தன. 2013ல் ஸ்பென்சர் வுட் முதலானோர் ஃப்ளிக்கர் தளத்தில் இடக்குறியுடன் பதிவேற்றப்பட்ட படங்களை உலகெங்கும் 836 சுற்றுலா இடங்களின் உண்மையான வருகைக் கணக்கோடு ஒப்பிட்டனர். படங்களின் எண்ணிக்கை வருகையின் ஏற்ற இறக்கத்தை ஓரளவு நன்றாகவே காட்டியது. 2017ல் ஹென்ரிக்கி டென்கானென் முதலானோர் பின்லாந்து, தென்னாப்பிரிக்கா பூங்காக்களில் இன்ஸ்டாகிராம், ட்விட்டர், ஃப்ளிக்கர் மூன்றையும் ஒப்பிட்டு, இன்ஸ்டாகிராமே பொதுவாக நன்றாகப் பொருந்துகிறது என்றனர். பெயர்பெற்ற பூங்காக்களில் பொருத்தம் கூடுதல், ஒதுக்குப்புறங்களில் குறைவு. பிறகு தனியுரிமைச் சர்ச்சைகளை ஒட்டி இன்ஸ்டாகிராம் அத்தகைய தரவுக்கான வாசலை அடைத்துவிட்டது. தனியார் நிறுவனத்தின் தயவில் நிற்கும் அளவுகோல் எப்போது வேண்டுமானாலும் கையைவிட்டுப் போகலாம் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

கைப்பேசிச் செயலிகள் சேகரிக்கும் இருப்பிடத் தரவை இடைத்தரகு நிறுவனங்களிடம் வாங்கிப் பயன்படுத்துவது அடுத்த கட்டம். 2019ல் கிறிஸ்டஃபர் மோன்ஸ் முதலானோர் கலிஃபோர்னியாவின் ஆரஞ்சு மாவட்ட இயற்கைக் காப்பகத்தில் இத்தகைய தரவை நடைபாதைக் கருவிகளின் எண்ணிக்கையோடு ஒப்பிட்டு, இரண்டும் நெருங்கிப் பொருந்துவதாகக் காட்டினர். வருபவர்கள் எந்த ஊரிலிருந்து வருகிறார்கள், அடுத்து எங்கே போகிறார்கள், எவ்வளவு நேரம் தங்குகிறார்கள் என்பவற்றை மரத்தில் கட்டிய கருவி சொல்லாது, கைப்பேசி சொல்லும்.

ஆனால் ஆரஞ்சு மாவட்டம் நகரங்களுக்கு நடுவே கைப்பேசிக் கோபுரச் சமிக்ஞை நிறைந்த இடம். ஆழ்காட்டில் நிலைமை வேறு. முதியவர்கள், குழந்தைகள், எளிய கைப்பேசி வைத்திருப்பவர்கள் இத்தரவில் குறைவாகவே தெரிவார்கள். ஓட்டமும் சைக்கிளும் பதிவாகும் ஸ்ட்ராவா போன்ற செயலிகளில் இளம் ஆண்களின் தடம் மிகுந்திருக்கும். 2021ல் ஆப்பிள் தன் கைப்பேசிகளில் பின்தொடர அனுமதி கேட்பதைக் கட்டாயமாக்கியபோது செயலிகள் திரட்டும் தரவு சுருங்கியது. அத்தகைய நேரத்தில் வரைபடத்தில் தெரியும் சரிவு கூட்டத்தின் சரிவா, மாதிரியின் சரிவா என்று பிரித்தறிவது கடினம். எனவே புதிய தரவு பழைய கருவியை நீக்கிவிடும் என்ற எதிர்பார்ப்பு இதுவரை நிறைவேறவில்லை. கருவி எண்ணிய எண்ணைக் கொண்டே கைப்பேசித் தரவைத் திருத்த வேண்டியிருக்கிறது.

தெரிந்தபின் என்ன செய்வது

கூட்டத்தை முன்கூட்டியே அறிந்த நிர்வாகத்துக்கு மூன்று கருவிகள் உள்ளன: தகவல், விலை, அனுமதிச்சீட்டு. பிரான்சின் மார்செய் நகரை ஒட்டிய கலாங்க் தேசியப் பூங்கா முதலில் தகவலை முயன்றது. அழகிய நீலக் கடலுக்குப் பதிலாக ஆட்கள் நெருக்கியடித்துக் கிடக்கும் கடற்கரைப் படங்களைத் தன் தளத்தில் போட்டது. வேஸ் வழிகாட்டிச் செயலியோடு சேர்ந்து, வண்டி நிறுத்த இடமில்லாத நாள்களில் ஓட்டுநர்களை எச்சரித்தது. உச்ச நாள்களில் 2,500 பேர் வரை இறங்கிய சுஜித்தோன் என்ற சிறு கடற்குடாவில் பைன் மர வேர்கள் மண் அரித்து வெளியே தெரியத் தொடங்கியிருந்தன. 2022 முதல் கோடையின் உச்ச நாள்களில் அங்கு நாளொன்றுக்கு 400 பேர் மட்டுமே, இலவச முன்பதிவின் பேரில். இங்கு வரம்புக்கான காரணம் கண்முன் உள்ள சேதம் என்பதால், அதைப் பிறருக்கு விளக்குவதும் எளிதாக இருந்தது.

அமெரிக்காவில் முன்பதிவு பெரும்பாலும் வாகன நெரிசலை ஒட்டி வந்தது. ஆர்ச்சஸ் பூங்கா 2021ல் நிறுத்துமிடங்கள் நிரம்பியதால் 100 முறைக்கு மேல் வாயிலை மூட நேர்ந்தது. 2022ல் நேரம் குறித்த நுழைவு தொடங்கியது. யோசெமிட்டி இதில் ஒரு தற்செயல் பரிசோதனைக் கூடம்: 2020 முதல் 2022 வரை முன்பதிவு இருந்தது, 2023ல் நீக்கப்பட்டது, நெரிசல் திரும்பியது, 2024ல் முன்பதிவும் திரும்பியது. வரிசை குறைவது உறுதி என்பதை இத்தகைய அனுபவங்கள் காட்டுகின்றன. குறைந்த கூட்டம் எங்கே போனது என்பதைக் காட்டுவதில்லை. காலை 7 மணிக்குச் சீட்டு தேவை என்றால் 6 மணிக்கு வருகிறார்கள். ஒரு பூங்காவில் கட்டுப்பாடு என்றால் பக்கத்துப் பூங்காவுக்கு, அதுவும் இல்லையென்றால் காவலர் இல்லாத நிலத்துக்குப் போகிறார்கள். ஒரு வாயிலின் தரவை மட்டும் பார்ப்பவருக்கு இது வெற்றியாகவே தெரியும்.

மிகக் கடுமையான பற்றாக்குறைக்குக் குலுக்கல். யோசெமிட்டியின் ஹாஃப் டோம் பாறையில் கம்பி பிடித்து ஏறும் பாதையில் சில வார இறுதிகளில் 1,000 பேருக்கு மேல் திரண்டதால், 2010 முதல் அனுமதிச்சீட்டு வந்து, பின்னர் நாளுக்குச் சுமார் 300 பேர் என்றானது. அரிசோனாவில் 'தி வேவ்' எனப்படும் வரிவரியான மணற்பாறைக்கு நாளுக்கு 20 பேர் என்ற வரம்பு நெடுங்காலம் இருந்தது. 2018ல் மட்டும் 2 லட்சத்துக்கு மேற்பட்டோர் விண்ணப்பித்தனர். 2021ல் வரம்பு 64 ஆனது. பாறையின் தாங்குதிறன் ஓர் ஆண்டில் மூன்று மடங்கு கூடிவிடவில்லை. நிர்வாகம் எதை ஏற்கத்தக்கது என்று கருதியதோ அது மாறியது, அவ்வளவே.

யாருக்குச் சீட்டு கிடைக்கிறது என்பது தனிக் கேள்வி. முன்பதிவுக்கு இணையம், வங்கி அட்டை, பல மாதம் முன்பே விடுப்பைத் தீர்மானிக்கும் வசதி எல்லாம் வேண்டும். மொன்டானா பல்கலைக்கழகத்தின் வில்லியம் ரைஸ் முதலானோர், தேசியப் பூங்காக் கூடாரத் தளங்களில் முன்பதிவு செய்யும் இடங்களுக்கும் முதலில் வருபவருக்கு என்று விட்ட இடங்களுக்கும் வருபவர்களை ஒப்பிட்டனர். முன்பதிவு இடங்களில் தங்கியவர்கள் சராசரியாக வருமானம் மிகுந்த பகுதிகளிலிருந்து வந்தவர்கள் என்று தெரிந்தது. இதைக் கண்டறிய உதவியதும் கைப்பேசி இருப்பிடத் தரவுதான். எதிர்வாதமும் உண்டு: விடியுமுன் வந்து வரிசையில் நிற்பதும் வசதியும் ஓய்வும் உள்ளவர்களுக்கே எளிது, பூங்காவின் அருகே குடியிருப்பவர்களுக்கே சாதகம். முழுக்க நியாயமான பங்கீட்டு முறை எதுவும் இதுவரை முன்வைக்கப்படவில்லை.

நீலகிரியும் கொடைக்கானலும்

இந்த விவாதம் தமிழ்நாட்டுக்கு நீதிமன்றம் வழியாக வந்தது. சீசன் காலத்தில் நீலகிரிக்கு நாளுக்குச் சுமார் 20,000 வாகனங்கள் வருவதாக வந்த தகவலை ஒட்டி, சென்னை உயர் நீதிமன்றம் 2024 ஏப்ரல் இறுதியில் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் முறையைக் கொண்டுவர ஆணையிட்டது. மே 7 முதல் அது நடைமுறைக்கு வந்தது. முதலில் வரம்பு ஏதும் இல்லை. விண்ணப்பித்த அனைவருக்கும் பாஸ் கிடைத்தது. எத்தனை வண்டிகள் வருகின்றன என்று அறிவதே அப்போதைய நோக்கம். தாங்குதிறனை ஆராயும் பணி சென்னை ஐ.ஐ.டி., பெங்களூரு ஐ.ஐ.எம். ஆகியவற்றுக்குத் தரப்பட்டது. அந்த ஆய்வு முடியுமுன்பே 2025 மார்ச்சில் இடைக்கால வரம்பு வந்தது. நீலகிரிக்கு வார நாள்களில் 6,000 வாகனங்கள், வார இறுதியில் 8,000. கொடைக்கானலுக்கு முறையே 4,000, 6,000. உள்ளூர் வாகனங்களுக்கும் அரசுப் பேருந்துகளுக்கும் விலக்கு. நீலகிரி வணிகர்கள் எதிர்த்துக் கடையடைப்பு நடத்தினர்.

இந்த எண்களை மேற்கண்ட விவாதத்தின் ஒளியில் பார்த்தால் சில கேள்விகள் எழுகின்றன. மலையின் தாங்குதிறன் சனிக்கிழமை மட்டும் 2,000 வாகனங்கள் கூடுவதில்லை. வார இறுதி வரம்பு உயர்ந்திருப்பது தேவையைப் பின்பற்றி. நிலத்தின் நிலைமையைப் பின்பற்றி அல்ல. அது தவறு என்று சொல்ல முடியாது: மக்களின் விடுமுறை, விடுதி நடத்துபவர்களின் பிழைப்பு எல்லாவற்றையும் எடைபோட்ட சமரசமாக அதை நியாயப்படுத்தலாம். ஆனால் அதைத் தாங்குதிறன் என்று அழைப்பது பொருந்தாது.

வரம்பு வாகனத்தில் இருப்பதும் கவனிக்கத்தக்கது. கல்லாறிலோ குஞ்சப்பனையிலோ செக்போஸ்டில் கியூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்து எண்ணுவதற்கு வாகனமே வசதியான அலகு. இருவர் வரும் காரும் ஐம்பது பேர் வரும் தனியார் பேருந்தும் அதில் ஒன்றுதான். கொண்டை ஊசி வளைவுகளில் நெரிசலைக் குறைப்பது நோக்கம் என்றால் இந்த அலகு பொருத்தம். குடிநீர், குப்பை, கழிவுநீர், யானைத் தடங்களில் எழும் கட்டடங்கள் ஆகியவை கவலை என்றால், தங்கும் ஆட்களின் எண்ணிக்கையும் நாள்களும்தான் முக்கியம். அவை பாஸ் விண்ணப்பத்தில் கேட்கப்பட்டாலும் வரம்பில் இடம்பெறவில்லை. எண்ண எளிதானதே வரம்பாகிவிடும் போக்கு உலகெங்கும் உள்ளது. இங்கு அது தெளிவாகத் தெரிகிறது.

அடிப்படையான வேறுபாடும் ஒன்று உண்டு. ஆர்ச்சஸ் பூங்காவுக்குள் ஊர்கள் இல்லை. நீலகிரி 2011 கணக்கெடுப்பின்படி 7 லட்சத்துக்கு மேற்பட்ட மக்கள் வாழும் மாவட்டம்; காப்புக்காடும் முதுமலைப் புலிகள் காப்பகமும் தேயிலைத் தோட்டங்களும் நகராட்சிகளும் கலந்த நிலம். பூங்கா வாயிலுக்கு உருவான முறையை ஒரு மாவட்டத்தின் எல்லைக்கு நீட்டும்போது, உறவினர் வீட்டுக்கு வருபவரும் மருத்துவத்துக்கு வருபவரும் சுற்றுலாப் பயணியாக எண்ணப்படும் வாய்ப்பு கூடுகிறது. பக்கத்து மலைகளுக்குக் கூட்டம் நகர்கிறதா என்பதும் தனியே ஆராயப்பட வேண்டும். 2025 நவம்பரில் வால்பாறைக்கும் இ-பாஸ் வந்தது. ஆனால் அது நகர்ந்து வந்த கூட்டத்தால்தான் என்று இரண்டு இடங்களின் எண்ணிக்கையையும் ஒப்பிடாமல் முடிவுகட்ட முடியாது.

மலையேற்றத்தில் நிலைமை சற்று எளிது. 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத்தீயில் 20க்கும் மேற்பட்டோர் இறந்தபின் விதிகள் கடுமையாயின. 2024ல் தமிழ்நாடு அரசு 40 மலையேற்றப் பாதைகளை இணைய முன்பதிவுக்குத் திறந்தது. பாதை ஒன்று, வாயில் ஒன்று, வழிகாட்டி உடன் வருகிறார் என்பதால் எண்ணிக்கையும் நிலைமையும் ஒரே கையில் இருக்கின்றன. இத்தகைய இடங்களில்தான் அடையாளக் குறி முறையைச் சோதிப்பது எளிது.

கண்காணிப்பு என்ற மறுபக்கம்

வருகையாளரை எண்ணும் கருவி அவரை அடையாளம் காணவும் கூடும். 2018 தொடக்கத்தில் ஸ்ட்ராவாவின் உலக வெப்பவரைபடம் பாலைவனங்களில் இருந்த ராணுவத் தளங்களின் வடிவத்தையே காட்டிக்கொடுத்தது. பெயர் நீக்கிய மொத்தத் தரவு தீங்கற்றது என்ற நம்பிக்கையை அது அசைத்தது. இந்தியாவில் இன்னும் நேரடியான எடுத்துக்காட்டு உண்டு. கார்பெட் புலிகள் காப்பகத்தில் திரிஷாந்த் சிம்லாய், கிறிஸ் சாண்ட்புரூக் ஆகியோர் நடத்தி 2024ல் வெளியிட்ட ஆய்வு, விலங்குகளுக்காக வைத்த கேமராக்களும் ட்ரோன்களும் விறகும் புல்லும் எடுக்கவரும் பெண்களைக் கண்காணிக்கவும் அச்சுறுத்தவும் பயன்பட்டதைப் பதிவு செய்தது. காட்டில் பாடிப் பேசி நடந்தவர்கள் கேமராவுக்கு அஞ்சிக் குரலைத் தாழ்த்தினார்கள். குரல் எழுப்பி நடப்பது அங்கே விலங்கை விலக்கும் வழியும் கூட.

சுற்றுலாப் பயணிக்கு இ-பாஸ் ஒரு நாள் தொல்லை. காட்டை ஒட்டி வாழ்பவருக்குக் கருவி அன்றாடம். தனியுரிமை விவாதத்தில் முன்னவர் குறித்தே பெரிதும் பேசப்படுகிறது. இந்தியாவின் 2023 தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் அரசு அமைப்புகளுக்கு விரிந்த விலக்குகளைத் தர இடம் வைத்திருப்பதால், பொது நிலங்களில் திரட்டும் தரவு எவ்வளவு காலம் வைக்கப்படும், யாருக்குத் தரப்படும் என்பவை பெரிதும் நிர்வாகத்தின் விருப்பத்தையே சார்ந்திருக்கின்றன.

முடிவாகாதவை

இத்துறையில் ஓரளவு உறுதியாகச் சொல்லக்கூடியவை சில உண்டு. பல மூலத் தரவுகளைச் சேர்த்து, நேரடி எண்ணிக்கையால் திருத்தினால் வருகையை நன்றாக மதிப்பிட முடிகிறது. நேரம் குறித்த முன்பதிவு வாயில் நெரிசலைக் குறைக்கிறது. தாவரச் சேதம் எண்ணிக்கையைவிட, மிதிபடும் இடத்தையும் நடப்பவர் நடத்தையையும் கூடுதலாகச் சார்ந்திருக்கிறது.

முன்பதிவால் நிலம் மீள்கிறதா என்பது அதே அளவுக்குத் தெளிவில்லை. பெரும்பாலான மதிப்பீடுகள் போக்குவரத்தையும் வருகையாளர் திருப்தியையும் அளக்கின்றன. மண்ணையும் விலங்கையும் முன்னும் பின்னும் அளந்தவை குறைவு. சீட்டு கிடைக்காமல் திரும்பியவர்களும் விண்ணப்பிக்கவே முயலாதவர்களும் எந்தத் தரவுத்தளத்திலும் இல்லை. அவர்களைக் கண்டறிய வீடுவீடாகச் செல்லும் கணக்கெடுப்பு வேண்டும். அதைச் செய்யும் பூங்கா நிர்வாகங்கள் அரிது. கோயிலும் காடும் ஒன்றாகக் கிடக்கும் நிலங்களுக்கு, ஓய்வுக்காக வருபவரை மனத்தில் வைத்து உருவான வரம்புகள் எந்த அளவுக்குப் பொருந்தும் என்பதும் அதிகம் ஆராயப்படவில்லை. வழிபாட்டுக்கு வருபவர் கூட்டத்தைத் தொல்லையாகவே கருதாமல் இருக்கலாம். அவர் காலடியில் கிடக்கும் மண்ணுக்கு அந்த வேறுபாடு தெரியாது.

நீலகிரி, கொடைக்கானல் எண்களைப் பொறுத்தவரை, ஆய்வு நிறுவனங்களின் கணக்கும் இ-பாஸ் பதிவுகளும் இரு மலைகளின் நீர், குப்பை, விபத்து விவரங்களோடு பொதுவெளியில் ஒப்பிடப்படும்போதுதான் 6,000 என்பது கூடுதலா குறைவா என்று விவாதிக்க அடிப்படை கிடைக்கும். அதுவரை அவற்றை ஒரு நெரிசலுக்கு நீதிமன்றம் கண்ட இடைக்கால ஏற்பாடாகக் கொள்வதே பொருத்தம்.